படத்திலுள்ள பழைய மீட்டர் பாதை நீராவி எஞ்சினின் சட்டம் ஏன் சக்கரங்களுக்கு வெளியே இருக்கிறது?

தேவிபட்டினம் டீச்சர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. எங்கள் மாணவர்கள் இவ்வாண்டு அறிவியல் கண்காட்சிக்காக, இந்தக் கரைக்கு ரயில் வந்த காலத்து நீராவி எஞ்சின் ஒன்றை மரத்தில் செய்ய விரும்புகிறார்கள். சக்கரமும் தண்டுகளும் உண்மையாகவே அசைய வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. மாதிரிக்கு எங்களிடம் இருப்பது ஒரு மாணவியின் வீட்டில் கிடைத்த மிகப் பழைய புகைப்படம் ஒன்றுதான். அவளுடைய கொள்ளுத் தாத்தா, தலைப்பாகையுடன், கையில் எண்ணெய்க் குவளையோடு எஞ்சின் அருகே நிற்கிறார். எஞ்சினின் எண் இருந்த இடம் பூஞ்சை அரித்து மங்கிவிட்டது.

படத்தில் தெரிவதை எழுதுகிறேன். பக்கத்துக்கு மூன்று சக்கரங்கள் உள்ளன. மூன்றும் ஒரே அளவு. முன்னாலோ பின்னாலோ சிறிய சக்கரம் எதுவும் இல்லை. சக்கரங்களின் மேற்பாதியை ஒரு நீண்ட இரும்புத் தகடு மறைத்திருக்கிறது. அந்தத் தகட்டுக்கும் வெளியே ஒவ்வோர் அச்சின் முனையிலும் தடித்த கை போன்ற ஒரு துண்டு இருக்கிறது. மூன்று கைகளையும் ஒரே தண்டு இணைக்கிறது. புகைபோக்கியின் வாய் அகன்றிருக்கிறது. பின்னாலுள்ள டெண்டரில் (எரிபொருளும் தண்ணீரும் ஏற்றும் வண்டி) நிலக்கரி இல்லை, விறகு அடுக்கப்பட்டிருக்கிறது.

எங்களுக்கு மரவேலையில் உதவ முன்வந்திருப்பவர் வள்ளம் கட்டும் ஓடாவி ஒருவர். அவர் படத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "வள்ளத்துக்கு ஏராவும் (அடிமரம்) வங்குக்காலும் (விலா மரம்) பலகைக்கு உள்ளே இருக்கும், இந்த வண்டிக்கு மட்டும் எலும்பு ஏன் உடம்புக்கு வெளியே இருக்கிறது?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. நான் பார்த்த பிற்கால எஞ்சின்களில் எல்லாம் சக்கரங்கள் வெளியேயும், எஞ்சினைத் தாங்கும் சட்டம் (படத்தில் அந்த நீண்ட தகடு) உள்ளேயும்தான் இருக்கின்றன. இந்த அமைப்புக்குக் காரணம் என்ன? சிறிய சக்கரம் ஏன் இல்லை? விறகை வைத்து இவ்வளவு பெரிய இயந்திரத்தை எப்படி ஓட்டினார்கள்? இவற்றுக்குக் காரணம் தெரிந்தால் மாணவர்கள் பொருளை உணர்ந்து செய்வார்கள் என்பதால் கேட்கிறேன்.

மண்டபம் மாணவன்

டீச்சர், இது போட் மெயிலை இழுத்த எஞ்சின் என்று நினைக்கிறேன். சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை வந்து, அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்குப் பயணிகளை மாற்றிய வண்டி அது. எங்கள் பகுதியில் பழைய எஞ்சின் என்றால் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

பொன்மலை ஓய்வு

டீச்சர் அவர்களுக்கு வணக்கம். நான் பொன்மலைப் பணிமனையில் அப்ரன்டிஸாகச் சேர்ந்து ஃபிட்டராக ஓய்வு பெற்றவன். என் கைபட்டவை பெரும்பாலும் ஒய்பி, ஒய்ஜி வகை எஞ்சின்கள். அவை சுதந்திரத்துக்குப் பிந்தைய வடிவங்கள். ஆனால் எங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்தவர்கள், பழைய எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியவர்களிடம் தொழில் கற்றவர்கள். அதனால் சிலவற்றை உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் தம்பியின் கருத்தைப் பற்றி ஒரு சொல். இந்தப் படத்தில் இருப்பது போட் மெயில் போன்ற விரைவு வண்டிக்கு உரிய எஞ்சின் அல்ல. ஆறு சக்கரங்களும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டு, முன்னே வழிகாட்டும் சிறு சக்கரம் இல்லாத எஞ்சின் சரக்கு வண்டிக்கும், சரக்கும் பயணிகளும் சேர்ந்து போகும் கலப்பு வண்டிக்கும் உரியது. முன்சக்கரம் இல்லாததால், வேகம் கூடும்போது எஞ்சினின் மூக்கு இடமும் வலமும் ஆடும். வளைவில் முதல் இணைச் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தை உரசித் தேயும். ஆகவே விரைவு வண்டிகளுக்கு, முன்னே நான்கு சிறு சக்கரங்கள் கொண்ட போகி பூட்டிய எஞ்சின்களைத் தனியாக வைத்திருந்தார்கள். மேலும், போட் மெயில் தனுஷ்கோடிக்கு வந்தது 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகுதான். அதற்கு முன் கொழும்புப் பயணிகள் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். 1914-க்குள் எஞ்சின் வடிவமைப்பு இந்தப் படத்திலிருந்து வெகுதூரம் வளர்ந்துவிட்டிருந்தது.

படத்தில் எண் தெரியாமல் இது இன்ன வகை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இந்திய மீட்டர் பாதைகளில் ஆறு சக்கரச் சரக்கு எஞ்சின் என்றால் மிகப் பரவலாக இருந்தது எஃப் வகை. 1870-களில் பிரிட்டனில் கட்டத் தொடங்கினார்கள். பல கம்பெனிகள் பல பத்தாண்டுகள் கட்டின. இந்தியாவிலேயே முழுமையாகக் கட்டப்பட்ட முதல் எஞ்சின் என்று போற்றப்படும் எஃப் 734-உம் இந்த வகையைச் சேர்ந்ததுதான். 1895-இல் அஜ்மீர்ப் பணிமனையில், ராஜ்புதானா மால்வா ரயில்வேக்காகக் கட்டியது. இப்போது தில்லி ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மாணவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மாதிரி தேவை என்றால் அதன் படங்களைத் தேடிப் பாருங்கள்.

இனி ஓடாவியின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டிருப்பதுதான் இந்த வடிவமைப்பின் உயிர்நாடியான கேள்வி. விடை பாதையின் அகலத்தில் இருக்கிறது.

நம் நாட்டில் முதலில் போட்டது ஐந்தரை அடி அகலப் பாதை. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குப் போட்ட பாதைகூட 1861-இல் அகலப் பாதையாகத்தான் தொடங்கியது. அப்படிப் போடுவதற்குச் செலவு அதிகமாகிறது என்று கண்ட அரசு, மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்த 1870-இல், துணைப் பாதைகளுக்குக் குறுகிய அகலம் போதும் என்று தீர்மானித்தது. இந்தியாவுக்கு மெட்ரிக் அளவை வரப்போகிறது என்று அப்போது எதிர்பார்த்ததால், அந்த அகலத்தைச் சரியாக ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். மெட்ரிக் அளவை மேலும் எட்டுப் பத்தாண்டு கழித்துத்தான் வந்தது. ஆனால் மீட்டர் பாதை உடனே பரவியது. 1874-இல் உருவான தென்னிந்திய ரயில்வே கம்பெனி, நாகப்பட்டினம் பாதையையே மீட்டர் பாதையாக மாற்றியது. 1870-களிலேயே மீட்டர் பாதை மதுரை வழியாகத் தூத்துக்குடியைத் தொட்டுவிட்டது. மதுரையிலிருந்து மண்டபத்துக்கு வந்தது 1902-இல்.

அகலம் குறைந்தவுடன் எஞ்சின் கட்டுபவருக்குப் பெரிய இடர்ப்பாடு வந்தது. ஒரு மீட்டர் என்பது இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம். சக்கரத்தின் விளிம்பு அதற்கும் உள்ளே இறங்குவதால், இரண்டு சக்கரங்களின் உட்புறங்களுக்கு இடையே மிஞ்சுவது சுமார் 93 சென்டிமீட்டர்தான். நெருப்பறை, அதாவது நாங்கள் ஃபயர்பாக்ஸ் என்று சொல்வது, இந்த இடைவெளிக்குள்தான் இறங்கி உட்கார வேண்டும். சட்டத்தையும் உள்ளே வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சட்டத் தகட்டின் கனம் பக்கத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் என்றும், சக்கரத்துக்கும் தகட்டுக்கும், தகட்டுக்கும் நெருப்பறைக்கும் விடும் இடைவெளி சேர்த்துப் பக்கத்துக்கு மூன்றரை என்றும் வைத்தால், மிஞ்சுவது 81. நெருப்பறைக்கு இரட்டைச் சுவர் உண்டு. நடுவே தண்ணீர் நிற்கும். அது பக்கத்துக்கு ஒன்பது சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும். விறகு எரியும் தட்டுக்கு மிஞ்சும் அகலம் 63 சென்டிமீட்டர். சட்டத்தைச் சக்கரங்களுக்கு வெளியே தள்ளிவிட்டால் அதே கணக்கில் 70 வரும். ஏழு சென்டிமீட்டர்தானே என்று தோன்றலாம். அது ஒன்பதில் ஒரு பங்கு கூடுதல் நெருப்பு. எஞ்சினின் வலிமை அது நிமிடத்துக்கு எவ்வளவு நீராவியை உண்டாக்குகிறது என்பதைப் பொறுத்தது. நீராவி நெருப்பின் பரப்பைப் பொறுத்தது. அந்த ஏழு சென்டிமீட்டருக்காகத்தான் எலும்பை உடம்புக்கு வெளியே வைத்தார்கள் என்று ஓடாவியிடம் சொல்லுங்கள்.

வேறு பயன்களும் உண்டு. சட்டம் வெளியே இருந்தால் வில்களும் வெளியே, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும். கால்களை அகட்டி நிற்பவன் எளிதில் சாயாததுபோல், குறுகிய பாதையிலும் எஞ்சின் உருளாமல் ஓடும். அச்சுப் பெட்டிகள் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதால், உங்கள் மாணவியின் கொள்ளுத் தாத்தா கையில் வைத்திருக்கும் அந்தக் குவளையால் குனியாமலே எண்ணெய் விட முடியும்.

இதற்குக் கொடுத்த விலையும் சிறியதல்ல. சக்கரம் வெளியே இருக்கும் எஞ்சினில் சக்கரத்திலேயே முளையை அடித்து அதில் தண்டை மாட்டிவிடலாம். இங்கே சக்கரம் தகட்டுக்குப் பின்னால் இருப்பதால், நீங்கள் 'கை' என்று குறிப்பிட்ட கிராங்கைத் தனியாக வார்த்து, அச்சின் முனையில் பல டன் அழுத்தத்தில் ஏற்றி, சாவித் துண்டு அடித்து நிறுத்த வேண்டும். பிஸ்டனின் ஒவ்வோர் உதையும் சட்டத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அந்த முனையில்தான் விழும். அச்சு அந்த இடத்தில் களைத்துப்போய், முதலில் மயிரிழைபோல் வெடிப்பு விடும். வெடிப்பைக் கண்டுபிடிக்க எங்கள் மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்த வழி ஒன்று உண்டு: அச்சை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்பு பூசிச் சுத்தியலால் தட்டினால், வெடிப்புக்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் கசிந்து வெள்ளையின் மேல் கறுப்புக் கோடாகத் தெரியும். நானே அப்படி ஒரு கோட்டைக் கண்டுபிடித்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த நிறைவு இன்றும் நினைவில் இருக்கிறது.

மாதிரி செய்யும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். வலப்பக்கக் கிராங்கும் இடப்பக்கக் கிராங்கும் ஒரே திசையில் நிற்கக் கூடாது. ஒன்றுக்கொன்று செங்கோணத்தில், அதாவது 90 பாகையில் நிற்க வேண்டும். ஒரு பக்கத்துப் பிஸ்டன் தன் ஓட்டத்தின் முனைக்குப் போய், தண்டும் கிராங்கும் ஒரே கோட்டில் நின்றுவிட்டால், அந்தப் பக்கத்துக்குச் சக்கரத்தைத் திருப்பும் வலு கிடையாது. அப்போது மற்றப் பக்கம் முழு வலுவில் இருக்க வேண்டும். இந்தக் கோணம் மூன்று அச்சுகளிலும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் உங்கள் எஞ்சின் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல் இறுகிவிடும்.

சக்கரத்தின் மேல் இருக்கும் டயரும் இரும்புதான். அதை நெருப்பில் காய்ச்சி விரியவைத்து, சக்கரத்தில் மாட்டிக் குளிரவிடுவோம், சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

பாம்பன் கரை

வணக்கம் டீச்சர். பொன்மலை அண்ணன் எழுதியதைப் படித்ததும் என் தகப்பனாரை நினைத்துக்கொண்டேன். அவர் இந்தப் பகுதியில் ஃபயர்மேனாக வேலை பார்த்தவர். அவர் சொன்னவற்றில் மிகுதியும் நெருப்பைப் பற்றி இருக்காது, தண்ணீரைப் பற்றித்தான் இருக்கும். இந்தக் கரைக்கு வந்த எஞ்சினைப் பற்றிப் பேசும்போது தண்ணீரைப் பேசாமல் விட்டால் பாதிக் கதை போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தில் குடிக்கவே ஊருணியையும் ஊற்றையும் நம்பி இருந்தோம். தீவுக்குள் மணலைத் தோண்டினால் மேலே நல்ல தண்ணீர் வரும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருப்பதால் அப்படி. கொஞ்சம் ஆழமாகத் தோண்டிவிட்டாலோ, அவசரப்பட்டு அதிகமாக இறைத்துவிட்டாலோ, அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். நம் வீட்டுப் பெண்கள் அகப்பையால் ஊற்றில் மெல்ல மெல்ல மொண்டு எடுத்ததற்குக் காரணம் அதுதான். ஓர் எஞ்சினின் தாகம் அகப்பைக்கு அடங்குவதில்லை.

எஞ்சின் தண்ணீரைக் குடித்து நீராவியாக வெளியே விட்டுவிடுகிறது. தண்ணீரில் இருந்த உப்பு மட்டும் பாய்லருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு உள்ள தண்ணீரை நாக்கு ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரில் ஐயாயிரம் லிட்டரை ஓர் எஞ்சின் கொதிக்கவைத்துத் தீர்த்தால், உள்ளே ஐந்து கிலோ உப்பு மிஞ்சும். அடுத்த நாள் இன்னும் ஐந்து கிலோ. பாய்லர் என்பது மூடி போட்ட உப்பளம் என்று தகப்பனார் சொல்வார். வாலிநோக்கத்துப் பாத்திகளில் வெயில் செய்கிற வேலையை இங்கே நெருப்பு செய்கிறது.

உப்பு இரண்டு விதமாகக் கெடுக்கும். சுண்ணாம்புச் சத்து தகட்டின் மேல் ஓடு மாதிரிப் படியும். நம் வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே பொருள். அது படிந்தால் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாமல் தகட்டிலேயே தங்கித் தகடு வெந்துபோகும். கறியுப்போ படியாது, கரைந்தே இருக்கும். அதனால் தண்ணீர் சோற்றுக் கஞ்சி பொங்குவதுபோல் நுரைத்துப் பொங்கி, நீராவியோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போய்விடும். பிரைமிங் என்று சொல்வார்கள். நீராவி நெருக்கினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் மூடிக்கும் நடுவே தண்ணீர் மாட்டிக்கொண்டால் மூடி உடைந்து தெறிக்கும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் குதிக்கத் தொடங்கியவுடன் டிரைவர், சிலிண்டருக்கு நீராவியை விடும் ரெகுலேட்டரைச் சிறிது சிறிதாக அடைத்து, சிலிண்டருக்குக் கீழே இருக்கும் வடிகுழாய்களைத் திறந்துவிடுவார். அந்தக் குதிப்பில் உண்மையான மட்டம் எது என்று தெரியாமல், நெருப்பறையின் கூரை தண்ணீருக்கு மேலே வந்துவிட்டால், அங்கே திருகியிருக்கும் ஈயத் திருகு உருகி நீராவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும். தகப்பனார் தம் பணிக்காலத்தில் ஒரு முறைகூட ஈயத்தை உருகவிட்டதில்லை. அதை அவர் மிகுந்த பெருமையோடு சொல்வார்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா அவருடைய நீலச் சட்டையைக் கொடியில் போடுவார்கள். காய்ந்த பிறகு தோளிலும் முதுகிலும் மிளகளவு வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். புகைபோக்கி வழியாகத் துப்பிய பாய்லர் தண்ணீர் விழுந்து உலர்ந்த உப்பு அது. சிறு பிள்ளையாக இருந்த நான் ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன். உப்போடு கொஞ்சம் கசப்பும் இருந்தது.

ஆகையால் பாய்லரின் அடியில் இருக்கும் புளோ-டவுன் குழாயை அடிக்கடி திறந்து, அடியில் தேங்கிய கெட்ட நீரை வெளியே தள்ளுவார்கள். குறித்த நாளுக்கு ஒரு முறை எஞ்சினை ஆறவைத்து, மூலைகளில் இருக்கும் பித்தளைத் திருகுகளைக் கழற்றி, நீண்ட கம்பியை விட்டுச் சுரண்டி, குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள். மாதிரியில் அந்தத் திருகுகளையும் வையுங்கள் டீச்சர். நெருப்பறையின் கீழ்மூலைகளில் பக்கத்துக்கு ஒன்றாவது வைத்தால் போதும். பார்க்கிறவர்களுக்கு அது ஓர் ஆணியாகத் தெரியும். இந்தக் கரையில் எஞ்சினைக் காப்பாற்றியது அதுதான்.

காற்றையும் சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடிப் பக்கம் மணல் பறந்து தண்டவாளத்தை மூடிவிடும். பொன்மலை அண்ணன் சொன்ன வெளிக் கிராங்கும் வெளித் தண்டும் அந்த மணலுக்கு எதிரே திறந்து நிற்கும். எண்ணெயில் மணல் சேர்ந்தால் அது அரம் மாதிரி அறுக்கும். ஆகவே நம் கரையில் எண்ணெய் விடுவதற்கு முன் துடைப்பது ஒரு தனி வேலை.

பரமக்குடிப் பொறியாளர்

நான் கட்டுமானத் துறையில் இருப்பவன். சகோதரி தண்ணீரைப் பற்றியும் ஐயா நெருப்பறையைப் பற்றியும் எழுதியவற்றுக்கு அடியில் இன்னொரு கட்டுப்பாடும் இருக்கிறது. அது அச்சுச் சுமை. டீச்சரின் இரண்டாவது கேள்விக்கு அதுவே விடை.

மீட்டர் பாதையின் தொடக்கக் காலத்தில் போட்ட தண்டவாளம் கெஜத்துக்கு 40 இராத்தல் அளவில், அதாவது மீட்டருக்குச் சுமார் 20 கிலோ எடையில் இருந்தது. இன்று நாம் போடுவது 60 கிலோ. அந்த மெல்லிய தண்டவாளத்தின் மேல் ஓர் அச்சு ஏழு எட்டு டன்னுக்கு மேல் அழுத்தக் கூடாது. ஆனால் எஞ்சின் வழுக்காமல் இழுக்க வேண்டும் என்றால், அதன் இழுவிசையைப்போல் நான்கு மடங்கு எடையாவது ஓட்டும் சக்கரங்களின் மேல் இருக்க வேண்டும். வகுப்பில் கணக்காகவே கொடுக்கலாம். சிலிண்டரின் விட்டம் 14 அங்குலம், பிஸ்டனின் ஓட்டம் 20 அங்குலம், சக்கரத்தின் விட்டம் 42 அங்குலம், நீராவியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 140 இராத்தல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். விட்டத்தின் வர்க்கத்தை ஓட்டத்தாலும் அழுத்தத்தாலும் பெருக்கி, சக்கர விட்டத்தால் வகுத்து, குழாய்களில் ஏற்படும் இழப்புக்காக 85 விழுக்காட்டை மட்டும் எடுத்தால், இழுவிசை ஏறத்தாழ 11,100 இராத்தல், அதாவது ஐந்து டன் வரும். அதற்கு நான்கு மடங்கு 20 டன். அச்சுக்கு ஏழு டன்தான் அனுமதி என்றால் மூன்று அச்சுகள் வேண்டும். நான்காவதாக ஒரு சிறு சக்கரத்தை முன்னால் வைத்தால், எடையில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும், ஆனால் இழுப்பதற்கு உதவாது. ஆகவே மூன்று அச்சையும் பிணைத்து, முழு எடையையும் இழுவைக்கே பயன்படுத்தினார்கள். வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையை வாங்கிய வடிவம் இது. என்னைக் கேட்டால், இவ்வளவு குறைந்த எடையில் இதைவிடச் சிக்கனமாக ஒரு சரக்கு எஞ்சினைக் கட்ட முடியாது.

பாம்பன் பாலத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். கப்பலுக்கு வழிவிடத் திறக்கும், நடுவிலுள்ள ஷெர்சர் தூக்குப் பகுதியைத் தவிர, பழைய பாலத்தின் கண்கள், அதாவது தூணுக்குத் தூண் உள்ள இடைவெளிகள், ஒவ்வொன்றும் நாற்பது அடிதான். மூன்றரை அடிச் சக்கரங்கள் மூன்று அடுத்தடுத்து நின்றால், முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் வராது. அப்படியானால் எஞ்சினின் மொத்த எடையும் ஒரே கண்ணின் நடுவில் குவிந்து நிற்கும் நேரம் ஒன்று உண்டு. உத்தரத்தை அந்த நொடிக்காகத்தான் கணக்கிட வேண்டும். எஞ்சினின் எடையை அதிக அச்சுகளின் மேல் நீளமாகப் பரப்பினால் பாலத்துக்கு நோவு குறையும். பின்னாளில் முன்னும் பின்னும் சக்கரம் கூட்டிய நீண்ட எஞ்சின்கள் வந்ததற்கு வேகம் ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணம்.

தேவிபட்டினம் டீச்சர்

பொன்மலை ஐயாவுக்கும், பாம்பன் அம்மாவுக்கும், பொறியாளருக்கும், தம்பிக்கும் என் மனமார்ந்த நன்றி. இன்று மாலை ஓடாவியிடம் 63-ஐயும் 70-ஐயும் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் காட்டினேன். அவர் இரண்டு கோட்டுக்கும் நடுவே தம் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த இடத்துக்காக என்றால் சரிதான்" என்றார். பாய்லர் தண்ணீர்க் கணக்கை வேதியியல் ஆசிரியர் தம் வகுப்பில் செய்துகாட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். ஊருணித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், ஊற்றுத் தண்ணீர் மூன்றையும் வற்றவைத்து எடை போடப் போகிறார்கள்.

மாதிரியைப் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்கிறோம். பாதையின் அகலம் சரியாகப் பத்து சென்டிமீட்டர் என்று அமைந்ததில் பிள்ளைகளுக்கு அத்தனை மகிழ்ச்சி. சக்கரம் பூவரசில், கிராங்குகள் கருவேலத்தில். எனக்கு இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. விறகால் ஓட்டியதற்காக எஞ்சினில் ஏதேனும் தனி மாற்றம் செய்தார்களா? 90 பாகைக் கோணத்தை மரத்தில் எப்படிப் பிசகாமல் பிடிப்பது?

பொன்மலை ஓய்வு

விறகுக்கு, எடைக்கு எடை, நிலக்கரியின் வெப்பத்தில் கிட்டத்தட்டப் பாதிதான் உண்டு. தென்னகத்தில் நிலக்கரி தொலைவிலிருந்து வர வேண்டியிருந்ததால் விறகையே நம்பினார்கள்; கிழக்குக் கரை நெடுக 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு எஞ்சின்களின் பசியும் ஒரு காரணம். சவுக்கு அடர்த்தியான மரம், நின்று எரியும். நெருப்பறை ஆழமாக இருக்க வேண்டும், தட்டு நிறைய விறகை அடுக்க வேண்டும். படத்தில் புகைபோக்கியின் வாய் அகன்றிருப்பதும் விறகால்தான். உள்ளே வலை போட்டிருப்பார்கள். விறகுத் தணல் பொறிப்பொறியாகப் பறந்து போய் வழியிலுள்ள ஓலைக் கூரையிலும் வைக்கோல் போரிலும் விழாமல் இருக்க அந்த வலை. டெண்டரின் பக்கங்களில் உயரமாகக் கம்பி வேலி கட்டி விறகைச் சரியாமல் நிறுத்துவார்கள். அதையும் மாதிரியில் வையுங்கள்.

கோணத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். முதலில் ஒரு பக்கத்துக் கிராங்குகள் மூன்றையும் மட்டும் ஒட்டிக் காயவிடுங்கள். அந்தப் பக்கத்து இணைப்புத் தண்டை மாட்டிச் சுற்றிப் பார்த்து, எங்கும் பிடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு அந்தக் கிராங்குகள் நேர் மேலே நிற்கும்படி எஞ்சினைச் சமதளமான பலகையில் நிறுத்தி, மறுபக்கத்துக் கிராங்குகள் நேர் முன்னால் நோக்கும்படி ஓடாவியின் மூலைமட்டத்தை வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்துங்கள். ஒட்டுப் பசை இறுகுவதற்குள் மூன்றையும் முடித்துவிட வேண்டும். நடு அச்சின் கிராங்கை முதலில் வையுங்கள். பிஸ்டன் தண்டு வந்து சேரும் இடம் அது.

பாம்பன் கரை

கண்காட்சி எந்த நாள் என்று எழுதுங்கள் டீச்சர். தகப்பனாரின் கைவிளக்கும் அந்த எண்ணெய்க் குவளை போன்ற ஒன்றும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. பிள்ளைகள் பார்க்கக் கொண்டுவருகிறேன்.